சாமி பூவில் விளைந்த கீரை

அழுகிய மாலையின் நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? பூ அழுகினாலும் பூ வாசம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது. பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஒரு பகல் வெயிலில் போட்ட மல்லிகைக்கு முன்னால் செத்த எலி தோற்றுப்போகும். உடைத்த தேங்காயின் தண்ணீர், அபிஷேகப் பால், கனிந்து வெடித்த வாழைப்பழம், விளக்குத் திரியின் எண்ணெய் எல்லாம் அதில் சேர்ந்து ஊறினால் வருகிற வாடைக்குப் பெயரே கிடையாது. அந்த வாடையோடு நான் இரண்டு வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினேன். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டும். அப்புறம் கரண்டியில் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

எல்லாம் என் அண்ணனால் வந்தது. எனக்கு இரண்டே வயது மூத்தவன். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கிறான். கிள்ளானில் எங்கள் குடியிருப்பில் இருக்கிற சின்ன அம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவன்தான். நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பண்டமாரானைத் தாண்டி, மின்கோபுரங்களுக்குக் கீழே சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தை அண்ணன் தன் பெயரில் குத்தகைக்கு எடுத்தான். "வீட்ல உக்காந்து டிவி பாக்காத, கீரையாச்சும் போடு லா," என்று என்னிடம் கொடுத்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லியும் இருக்கிறேன், பல தடவை.

மண் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்கவில்லை. சாம்பல் நிறக் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் சட்டி ஓடு மாதிரி வெடிக்கும். லாலாங் புல் தவிர எதுவும் அதில் நிற்காது. நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு இயற்கை விவசாய வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிவைத்தால், மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அடுக்கடுக்காகத் தானே சொல்லிவிடும். காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். உடனே கரைந்து குழம்பினால் உயிரில்லாத மண். கரையாமல் கட்டியாக நின்றால் அதில் மட்கு இருக்கிறது.

மட்கு என்றால் வெறும் கொம்போஸ் உரம் இல்லை. இலையும் சாணமும் மட்கி மட்கி, இனி மட்க ஒன்றுமில்லை என்ற நிலையில் மிஞ்சுகிற கறுப்பு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் வந்து கேட்கும்போது கொடுக்கும். அதைக் கடையில் வாங்க முடியாது. கிள்ளானில் மாடு வைத்திருக்கிற ஒருவரிடம் சாணம் வாங்கி, வைக்கோலும் இலையும் அடுக்கி, புரட்டி, நனைத்து, மூடி, பைத்தியக்காரி மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ளரில் போட்ட மண்கட்டி முதன்முதலில் கரையாமல் நின்ற அன்று நான் அழுதேன். சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு யோசனை வந்தது. சாமிக்குப் போட்ட மாலையைக் குப்பையில் போடக்கூடாது, கால் படக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். ஆனால் ஆற்றில் எதையும் போடக்கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். கோயில் பின்புறம் மாலைகள் மலையாகக் குவிந்து ஈ மொய்த்தது. "தண்ணியில விடாட்டி என்ன? மண்ணுக்கே குடுத்துடலாம். பூமாதேவிக்குத்தானே போவுது," என்றான் அண்ணன். கேட்க எவ்வளவு அழகாக இருந்தது! தினமும் காலையில் ஒரு லோரி வர ஆரம்பித்தது. கோயில் மாலையோடு அவன் கடையில் விற்காத பூவும் வரும். குப்பையே இல்லாத கோயில் என்று அவனைப் பாராட்டினார்கள். தொகுதி ஒய்.பி., அதாவது எங்கள் மக்கள் பிரதிநிதி, வந்து, என் உரக்குவியலுக்கு முன்னால் மூக்கைப் பிடிக்காமல் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பாவம், அவருக்கு நல்ல பயிற்சி.

அந்தக் குவியலைப் பிரித்தது நான். மாலையில் பூ மட்டும்தான் இருக்கும் என்று எந்த மடையன் சொன்னான்? நைலான் நூல், ஜிகினா, பஞ்சு உருண்டை, ஸ்டேப்ளர் பின், விபூதிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக். ஒவ்வொரு மாலையாக அவிழ்த்து, கொழகொழவென்று வழுக்குகிற பூவை நூலிலிருந்து உருவ வேண்டும். உள்ளே வெள்ளைப் புழு நெளியும். இதைவிடக் கேவலம், விஷயம் பரவியதும் குடியிருப்பு ஆட்கள் செய்தது. குப்பைத் தோங்கில் போட மனசு வராத அத்தனையும் மாலை போடுவதற்கென்று கோயில் பின்புறம் வைத்திருந்த பூத்தொட்டிக்குள் வந்தது. கண்ணாடி உடைந்த சாமி படம், மூக்குடைந்த பிளாஸ்டர் பிள்ளையார், சாமி படம் போட்ட பழைய கல்யாணப் பத்திரிகை, ஒரு தடவை ஏதோ குழந்தைக்கு மொட்டை போட்ட முடி. த்தூ! பக்தி அவர்களுக்கு, அருவருப்பு எனக்கு. கோயில் வாசலில் நின்று கத்தினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் பூவுக்குள் ஒரு காலண்டர் வந்தது, முருகன் படத்தோடு.

இதில் அண்ணனுக்கு அருவருப்பு எதில் வந்தது தெரியுமா? கொம்பில். நான் படித்த வகுப்பில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து, மாதக்கணக்கில் விட்டு, அப்புறம் தோண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பது. உள்ளே போன சாணம் காட்டு மண் வாசத்தோடு வெளியே வரும். நிலாவைப் பார்த்துப் புதைக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. அந்த வாசத்தை நம்பினேன். கொம்பு, பாசாரில், சந்தையில், இறைச்சி வெட்டுகிற ஒரு பாயிடம் வாங்கியது. இது தெரிந்ததும் அண்ணன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டான்.

"ஏய், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சாமி பூ போடற எடத்துல வெட்டுன மாட்டுக் கொம்பா? சீ! சீ! எடு அத மொதல்ல!"

"சாணம் மட்டும் வேணும், கொம்பு வேணாமா அண்ணே?"

"கோயிலுக்குக் கீரை போகப்போவுது. சுத்தம் வேணும்."

சுத்தம்! எல்லாக் கொம்பையும் தோண்டி எடுக்கவைத்துவிட்டுத்தான் போனான். போகும் வழியில் லோரியிலிருந்து மாலைகளைத் தன் கையாலேயே இறக்கிவைத்தான்.

கீரை மட்டும் வஞ்சகம் இல்லாமல் வந்தது. தண்டுக்கீரை, சிவப்புக் கீரை, பொன்னாங்கண்ணி, எல்லாம் தளதளவென்று. ஆனால் மண் சரியில்லை. முன்பு ஒரு கை மண் எடுத்தால் இரண்டு மண்புழுவாவது துள்ளும். பூக்குவியல் போட்ட பாத்திகளில் ஒன்றையும் காணோம். மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. சலித்த உரத்தில் செக்கச்செவேலென்று கோடு கோடாக ஏதோ ஓடியது. கையில் பட்டால் எளிதில் போகாது. ரோஜாச் சாயம் என்று நினைத்தேன். ரோஜாவிலிருந்து வருகிற சாயம் மாதக்கணக்கில் சிவப்பாகவே இருக்குமா என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது.

வகுப்பில் சொன்ன மாதிரியே மாதிரி எடுத்தேன். இரும்பு படாமல், பிளாஸ்டிக் கரண்டியால், பாத்தியில் வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஷா ஆலமில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மலாய்ப் பெண் பையைத் திறந்து, அந்தச் சிவப்புத் துகள்களை விரலால் தள்ளிப் பார்த்து, உப்பும் சத்தும் மட்டும் பார்த்தால் போதாது, உலோகமும் பார்க்க வேண்டும் என்றாள். முடிவு வந்த அன்று போன் பண்ணாமல் என்னை நேரில் வரச் சொன்னாள்.

"ஆன்டி, இந்த சாயூர், ஜாங்கான் மாக்கான்," என்றாள். இந்தக் காய்கறியைச் சாப்பிடாதீர்கள்.

ஈயம். மண்ணில் இருக்கலாம் என்று விட்டிருக்கிற அளவைத் தாண்டி ஈயம். சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் கொடுக்கவே கூடாது என்றாள். கழுவினால் போகாதா என்று கேட்டேன். இலைமேல் ஒட்டிய மண் போகும், இலைக்குள் போனது போகாது என்றாள். மண்ணையாவது சரிசெய்ய முடியுமா என்றதற்கு அவள் சொன்ன பதில்தான் என் வயிற்றில் அடித்தது. என் மண்ணில் மட்கு நிறைய இருக்கிறதாம், நல்ல மண்ணாம். மட்கு ஈயத்தையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், லேசில் விடாதாம். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கறுப்பு, விஷத்தையும் சத்து மாதிரியே பத்திரமாக வைத்திருக்கிறது. காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் அடித்தேன்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். பின்புறம் கோயில் கூட்டுகிற அக்கா பூத்தொட்டியில் ஒரு பேசின் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு பேசின்! வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்குக் குங்கும அர்ச்சனை. அம்மன் இடுப்பு வரைக்கும் குங்குமம் குவியும். அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது போக மிச்சம்.

"எங்கக்கா கொட்டறீங்க?"

"தொட்டியிலதாம்மா. கழுவிவிட்டா சாக்கடையில போவும், மிதிபடும். பாவம் இல்லியா? பூவோட மண்ணுக்குப் போவட்டும்னு தலைவர் சொல்லிட்டாரு."

எவ்வளவு நாளாக என்றேன். தொட்டி வைத்த நாளிலிருந்தே என்றார். அது மஞ்சளில் செய்த குங்குமம் இல்லை. கண்ணைப் பறிக்கிற சிவப்பு, மூட்டையில் வருகிற மட்டச் சரக்கு, அண்ணன் கடை வழியாக. ஒரு பிடி எடுத்துக்கொண்டு மறுபடி ஷா ஆலம் ஓடினேன். மண்ணைவிட அது மோசம்.

அந்த வாரம் பௌர்ணமி அன்னதானம். 'சாமி பூவில் விளைந்த கீரை' என்று பேனரே கட்டியாயிற்று. குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் முதல் பந்தியில் உட்கார்வார்கள், அது எங்கள் கோயில் வழக்கம். இனி மாதாமாதம் அந்தக் கீரைதான் என்றும் அண்ணன் அறிவித்திருந்தான். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குப் போய், வாடிக்கையாளர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் என்று அந்தப் பெண் சொன்னதையும் விடாமல் சொன்னேன். அண்ணன் மாலை கட்டுகிற கையை நிறுத்தவே இல்லை.

"அம்மன் குங்குமத்துல விஷமா? யார்கிட்ட சொல்ற?"

"அம்மன் மேல பட்டா ஈயம் ஓடிப் போயிடுமா அண்ணே? மூட்டையில வந்தது மூட்டையில வந்ததுதானே!"

"மெதுவா பேசு லா. கடை இது."

"கீரைய வெட்டாத. அவ்ளோதான் கேக்கறேன். பாசார்ல வாங்கிச் சமைங்க."

"பேனர் கட்டியாச்சு. ஒய்.பி. வராரு. நீ ஒரு எடத்துல டெஸ்ட் பண்ணுன, நான் ஒரு எடத்துல பண்றேன். அப்புறம் பேசுவோம்."

பண்ணினான். இரண்டே நாளில் ஒரு முடிவைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான்: எல்லாம் சுத்தம். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் தப்பாக எடுத்துவிட்டேனோ? அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தேன். எந்தப் பாத்தியிலும் தோண்டின அடையாளம் இல்லை. வேலியோரம், லாலாங் புல்லுக்கு நடுவில், ஒரு பூவும் விழாத இடத்தில், புதிதாக ஒரு குழி இருந்தது. களிமண், சாம்பல் நிறம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை, குமட்டல்தான் வந்தது. அழுகின மாலையில் கூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. என் அண்ணன் குனிந்து, கையால், நல்ல இடம் எது என்று பார்த்துத் தோண்டியிருக்கிறான்.

காலையில் முதல் வேலையாகக் கீரையை எல்லாம் பிடுங்கிப்போட வேண்டும் என்று விடியும்போதே போனேன். எனக்கு முன்னால் கோயில் தொண்டர்கள் வந்து வழித்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாத்தி மொட்டையாக இருந்தது. கோயிலுக்கு ஓடினேன். செயலாளரைப் பிடித்தேன்; அவர் அண்ணனின் சுத்தமான முடிவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "அக்கா, டெஸ்ட்ல ஓகேன்னு வந்திருக்கு லா. அண்ணன் தங்கச்சி சண்டைய கோயிலுக்குக் கொண்டு வராதீங்க," என்றார். வேலியோரக் குழியைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பொறாமை என்று அவர் நினைப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சமையல்கட்டுக்குள் என்னை விடவில்லை. கீரைக் கூட்டு வெந்துகொண்டிருந்த வாசம் மட்டும் வெளியே வந்தது. நல்ல வாசம். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பந்தி ஆரம்பித்தது. நான் மண்டபத் தூணோரம் நின்றேன். முதல் வரிசையில் பிள்ளைகள். பிள்ளைகளோடு அண்ணன் மகளும் அவள் கணவரும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அன்றைக்கென்று வந்திருந்தார்கள். அவளுக்கு முதல் பிள்ளை, ஏழாம் மாதம், தரையில் உட்கார முடியாமல் முக்காலி போட்டு, எதிரே ஒரு ஸ்டூலில் இலை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்து, "அத்தை, வாங்க உக்காருங்க," என்று கையைக் காட்டினாள்.

தலைவர் கையால் முதல் பரிமாறல். அண்ணன் வெள்ளை வேஷ்டியில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கீரை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். போன் கேமராக்கள் எல்லாம் அவன் மேல். முதல் பிள்ளைக்கு ஒரு கரண்டி. அடுத்த பிள்ளைக்கு ஒரு கரண்டி, "நல்லா சாப்பிடணும்" என்று தலையில் தட்டினான். மருமகனுக்கு ஒரு கரண்டி, மரியாதையாக, இன்னொரு அரைக் கரண்டி. மகளின் இலைக்கு வந்தான். கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது. அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணின் இலையில் கீரையைப் போட்டான்.

"அப்பா, எனக்கு?" என்றாள் அவள்.

"உனக்கு வேணாம்மா. உனக்கு ஒத்துக்காது."

எனக்குத் தெரிந்துவிட்டது. நம்பவில்லை, புரியவில்லை, படிக்கவில்லை என்றெல்லாம் அவனுக்காக நான் மனசுக்குள் வைத்திருந்த அத்தனை சாக்கும் அந்த இடத்திலேயே போய்விட்டது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குள் போயிருக்கிறது. போய், பத்திரமாக, தன் மகளுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறான். என் கூடப் பிறந்தவன். த்தூ.

"அண்ணே," என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஒன் பொண்ணுக்கு ஒத்துக்காதது இந்தப் பிள்ளைங்களுக்கு எப்படி ஒத்துக்கும்?"

"பந்தியில வந்து என்ன பேச்சு? போ அந்தப் பக்கம்," என்றான். ஆனால் என் பக்கம் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னான். செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"ஈயம் இருக்கு இந்தக் கீரையில. வயித்துல பிள்ளை இருந்தா சாப்பிடக் கூடாதுன்னு நான் சொன்னேன். அவன் கேட்டுக்கிட்டான், பாருங்க."

அண்ணன் மகள் அப்பாவையே பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவன் கரண்டியை வாளிக்குள் சும்மா கிண்டிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டி, பக்கத்துச் சின்னப் பெண்ணின் இலையிலிருந்த கீரையை வழித்து எடுத்து அவன் வாளியில் போட்டாள். அப்புறம் கணவரின் இலையிலிருந்ததையும் எடுத்துப் போட்டாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாளிக்குள் இருந்த கரண்டியை வாங்கி, தன் வெறும் இலையில் ஒரு கரண்டி கீரை வைத்து, அந்த இலையை அவனுக்கு முன்னால் தள்ளினாள்.

"நீங்க சாப்பிடுங்கப்பா," என்றாள்.

பிள்ளைகள் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் அந்த இலையைத் தொடவில்லை.